ஸ்கேனில் தெரியாத வயிற்றுவலி

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவின் வரிசையில் ஒரு மாற்றம் தெரியத் தொடங்கும். அதுவரை முதியவர்களும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மார்களும் மிகுந்திருந்த பெஞ்சுகளில் சீருடை அணிந்த மாணவ மாணவியர் கூடுதலாக வந்து அமர்வார்கள். வயிற்றுவலி, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், மூச்சுமுட்டல், கை கால் மரத்துப்போதல் என்று அவர்கள் கூறும் தொல்லைகள் பலவகை. அவர்களுள் சிலருக்குக் காய்ச்சலோ, இரத்தசோகையோ, சிறுநீர்த் தொற்றோ இருக்கும். மருந்து கொடுத்தால் தீரும். வேறு சிலருக்கு எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கும். வலி மட்டும் போகாது. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க இந்த இரண்டாம் வகையினர் பெருகுவர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

பரிசோதனை முடிவு சரியாக இருக்கிறது என்று நாங்கள் கூறியவுடன் குடும்பங்கள் இரு வழிகளில் ஒன்றில் செல்வதைக் காண்கிறோம். "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கள்ல, அப்புறம் எதுக்குடி நடிக்கிற?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது ஒன்று. இங்கே தெரியவில்லை, மதுரைக்குப் போனால் தெரியும் என்று மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குவது மற்றொன்று. முதல் வழியில் பிள்ளை வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொள்கிறது. இரண்டாம் வழியில், மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விதைக்கும் குடும்பம் ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து, ஒரே பரிசோதனையை மூன்று இடங்களில் செய்துகொண்டு, நான்காம் இடத்திலும் அதே பதிலைக் கேட்டுத் திரும்புகிறது. இதற்கிடையில் பள்ளி நாட்கள் கழிகின்றன.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். உறுப்பில் பழுது இருந்தால்தான் வலி வரும், பழுது இல்லையெனில் அந்த வலி பொய் என்பதே அது. அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்கு இது சரியன்று என்று விளக்குவது எங்களுக்கு எளிது. பாவு அளவுக்கு மீறி இறுகினால் இழை அறுந்துகொண்டே இருக்கும். தறியை எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் உடைந்த பாகம் ஒன்றும் அகப்படாது. ஆயினும் இழை அறுவது உண்மை. நெசவு நிற்பதும் உண்மை.

உடலில் நடப்பது என்ன?

நம் மொழி இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அஞ்சியவனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். நாக்கு உலர்ந்தது, கை கால் வெலவெலத்தது, தொண்டையை அடைத்தது, நெஞ்சு படபடத்தது, தலை வெடித்துவிடும் போலிருந்தது என்றெல்லாம் கூறுகிறோம். உள்ளத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்திருக்கிறது. மெய் என்பதற்கு உடல் என்று ஒரு பொருள், உண்மை என்று ஒரு பொருள். மருத்துவர்களாகிய எங்களுக்கு இந்த ஒரு சொல் பெரிதும் உதவுகிறது.

மேற்சொன்ன வழக்குகள் ஒவ்வொன்றும் உடலியல் நோக்கிலும் சரியானவை. ஒரு வெறிநாய் நம்மைத் துரத்துவதாகக் கொள்வோம். மூளை அந்த ஆபத்தை உணர்ந்த நொடியில், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. ஓடுவதற்குத் தேவையான இரத்தத்தைத் தசைகளுக்கு அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்கிறது, அதுவே படபடப்பு. அவ்வேளையில் உணவு செரிப்பது அவசரமன்று என்பதால் உமிழ்நீர் குறைகிறது, நாக்கு உலர்கிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து அதன் அசைவு தாறுமாறாகிறது. அதுவே புளியைக் கரைப்பது. தசைகள் விறைக்கின்றன. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்மாற்றங்களைத் தொகுத்து விளக்கினார். அதற்கு முன்பே, பூனைகளுக்கு உணவூட்டி எக்ஸ்-கதிர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை மிரண்டவுடன் அதன் இரைப்பையின் அசைவு நின்றுபோவதை அவர் கண்டிருந்தார்.

நாய் போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தேர்வு மூன்று மாதம் துரத்தும். கடன்காரர் வாசலுக்கு வரும் வீடும், தந்தை குடித்துவிட்டு வரும் வீடும் ஆண்டு முழுவதும் துரத்தும். உடலுக்கு நாயும் ஒன்றுதான், கணக்குத் தேர்வும் ஒன்றுதான். இரண்டுக்கும் அது ஒரே வகையில் ஆயத்தமாகிறது. கழுத்துத் தசைகள் நாள்தோறும் விறைத்தே இருந்தால் மாலையில் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல வலிக்கும். உறக்கம் கலையும். உறக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் ஆற்றல் குறையும். வலி மிகுந்தால் உறக்கம் மேலும் கெடும்.

குடலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். குடலின் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலை போலப் பரந்திருக்கின்றன. அவ்வலை மூளையுடன் இடையறாது செய்தி பரிமாறிக்கொள்கிறது. கவலை மிகும்போது இந்தச் செய்தித் தடம் கூர்மையடைந்துவிடுகிறது. மற்ற நாட்களில் நாம் உணராத குடலசைவும் வாயுவும் அப்போது வலியாக உணரப்படுகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்னும் குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இவ்வாறு திரும்பத் திரும்ப வயிற்றுவலி வருவதைக் கண்டார். அவர்களுள் மிகச் சிலருக்கே உறுப்பில் நோய் இருந்தது. வலி தொப்புளிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, உறுப்பு நோய் இருக்கும் வாய்ப்பு கூடும் என்று அவர் கூறியதை இன்றும் நாங்கள் நினைவிற்கொள்கிறோம்.

எங்கள் பகுதியில் இவ்வலிக்குக் 'குடலேற்றம்' என்று பெயரிட்டு எண்ணெய் தடவி வயிற்றை வழித்துவிடுவோர் உண்டு. பரிவுடன் தொடும் கை சிறிது ஆறுதல் தருவதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் குடல்வால் அழற்சி உள்ள வயிற்றை அவ்வாறு அழுத்தினால் அது உள்ளே வெடித்துவிடலாம். ஆகவே மருத்துவர் பார்ப்பதற்கு முன் வேண்டாம்.

விரல் மடங்கிய பிள்ளை

பெற்றோரை மிகவும் கலங்கச் செய்வது மற்றொரு நிலை. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவி திடீரென மூச்சு முட்டுகிறது என்கிறாள். வாயைச் சுற்றி மரத்துப்போகிறது. கைவிரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உள்நோக்கி மடங்கி, பிரிக்க இயலாதபடி விறைக்கின்றன. பக்கவாதம் என்றோ மாரடைப்பு என்றோ அஞ்சி ஆட்டோவில் தூக்கி வருகிறார்கள். இங்கு இ.சி.ஜி. சரியாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் விரல்கள் தாமாகவே விரிந்துவிடுகின்றன. குளுக்கோஸ் ஏற்றியதால்தான் சரியாயிற்று என்று வீட்டார் நம்புகிறார்கள். குளுக்கோஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நடந்தது இதுதான். அச்சத்தில் நம்மை அறியாமலே மூச்சு விரைவாகவும் ஆழமாகவும் ஓடுகிறது. அதனால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை சற்றுக் கூட, அதில் கரைந்துள்ள கால்சியத்தில் உடலுக்குப் பயன்படும் பங்கு குறைகிறது. கால்சியம் குறைந்தால் நரம்புகள் கூச்செறியும், தசைகள் இழுக்கும். மூளைக்குச் செல்லும் இரத்தமும் சிறிது குறைவதால் கிறுகிறுப்பு வரும். கிறுகிறுப்பைக் கண்டு அச்சம் கூடும். அச்சத்தால் மூச்சு மேலும் விரையும். காற்றை மிகுதியாக இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காற்றே போதவில்லை என்று தோன்றுவதுதான் இதில் விந்தை.

இந்நிலை முதல் முறை வந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். ஆஸ்துமாவும் இதய நோயும் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மூச்சால் வந்ததே என்று தெளிவான பிறகு, அடுத்த முறை சுற்றி நின்று கூவாமல், ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து, "எங்கூடவே மெதுவா மூச்சு விடு தாயி" என்று கூறித் தாமும் செய்து காட்ட வேண்டும். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை வாயால் மெல்ல விடுவது போதும். முகத்தில் பையைக் கவிழ்ப்பது ஆபத்து, அது கூடாது.

வேலனும் தோழியும்

சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் வரும் ஒரு காட்சி எங்கள் மருத்துவப் பணிக்கு மிக அணுக்கமானது. காதலை வெளியே சொல்ல இயலாத பெண்ணின் உடல் மெலிகிறது, வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. தாய் அஞ்சி, இது தெய்வத்தின் குறை என்று எண்ணி வேலனை அழைக்கிறாள். ஆடு அறுத்து வெறியாட்டு நடக்கிறது. உண்மைக் காரணம் தோழிக்கு மட்டும் தெரியும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும், எம்மருந்துக்கும் தீராத அந்த நோயின் காரணத்தைத் தோழி செவிலித்தாயிடம் பக்குவமாக எடுத்துரைப்பதாகவே அமைந்தது. அந்தத் தாய் அன்பில் குறைந்தவள் அல்லள். கேட்க வேண்டியதை மகளிடம் கேட்காமல் வேலனிடம் கேட்டாள், அவ்வளவே.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அக்காட்சி பெரிதும் மாறிவிடவில்லை. வேலனின் இடத்தில் சில வீடுகளில் மந்திரிப்பவர் இருக்கிறார். சில வீடுகளில் ஸ்கேன் எந்திரம் இருக்கிறது. தோழி இப்போதும் பக்கத்து பெஞ்சில்தான் அமர்ந்திருக்கிறாள்.

இங்கு ஒரு பெண்ணைப் பற்றிக் கூறுகிறோம். பலரிடம் கண்டவற்றை இணைத்து ஒருவராக்கியிருக்கிறோம். குறிப்பிட்ட எவரையும் சுட்டுவதன்று. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சிற்றூர், பதினேழு வயது, பிளஸ் டூ. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விழுந்து கை கால்களை உதறுகிறாள். சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். ஊரில் ஒருசாரார் காத்துக் கருப்பு என்கிறார்கள். வேப்பிலை அடித்தாயிற்று, கயிறும் கட்டியாயிற்று. மற்றொரு சாரார் காக்காய் வலிப்பு என்கிறார்கள். எங்கோ வலிப்பு மாத்திரையும் தொடங்கிவிட்டது. மாத்திரையின் சோர்வில் வகுப்பில் உறங்குகிறாள். 'வலிப்புக்காரி' என்ற பெயர் பரவுவதற்குள் படிப்பை நிறுத்தி மணம் முடித்துவிடலாம் என்று உறவினர் பேசத் தொடங்கிவிட்டனர். அந்தப் பேச்சைக் கதவுக்குப் பின்னிருந்து அவள் கேட்ட நாள் முதல் வாரம் ஒரு முறை வந்தது நாளுக்கு இரு முறை வரத் தொடங்கியது.

இது மூளையின் மின்கோளாற்றால் வரும் வலிப்பன்று. மனத்தின் நெருக்கடி உடல்வழி வெளிப்படும் வலிப்பு. பிள்ளை வேண்டுமென்று செய்வதன்று. கண்களை இறுக மூடியிருத்தல், பல நிமிடங்கள் நீடித்தல், தலை பக்கத்துக்குப் பக்கம் அசைதல் ஆகியவை இவ்வகையைக் காட்டும் குறிப்புகள். எனினும் இதை வீட்டிலிருந்து முடிவு செய்ய இயலாது. இரு வகையும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. வலிப்பு வரும்போது யாரேனும் ஒருவர் செல்பேசியில் படம் எடுத்து வந்து காட்டினால், பல நேரங்களில் இ.இ.ஜி.யைவிட அதுவே எங்களுக்கு அதிகம் சொல்லும். எவ்வகை வலிப்பாயினும் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைப்பதே போதும். சாவியும் இரும்பும் எதையும் நிறுத்துவதில்லை. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108-ஐ அழையுங்கள்.

அத்தகைய பெண்ணுக்கு நாங்கள் செய்வது பெரும்பாலும் பேச்சுதான். மாத்திரை தேவையில்லை என்று உறுதியானபின் அதைப் படிப்படியாகக் குறைக்கிறோம். உடனே நிறுத்துவது தவறு. நோயின் பெயரைக் கூறி, அது குணமாகக்கூடியது என்று பெற்றோர் முன்னிலையிலேயே சொல்கிறோம். படிப்பு தொடரும் என்று தந்தை தம் வாயால் சொல்லக் கேட்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் தோன்றும் மாற்றத்தை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

கவலைக்குக் காரணம் தேர்வு மட்டுமே என்று எண்ண வேண்டாம். நூற்பாலை விடுதியில் தங்கி இரவு ஷிப்ட் பார்க்கும் இளம்பெண்ணுக்கு வீட்டு நினைவும் உறக்கமின்மையும் இருக்கலாம். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பையனுக்குத் திங்கட்கிழமைதோறும் வயிறு வலிக்கலாம். உறவினராலோ தெரிந்தவராலோ தீண்டப்பட்ட குழந்தை அதைச் சொல்லத் தெரியாமல் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லலாம். இதனால்தான் ஒவ்வொரு பிள்ளையிடமும் சில நிமிடங்கள் தனியே பேச அனுமதி கேட்கிறோம். பெற்றோர் மீதுள்ள ஐயத்தால் கேட்பதன்று.

ஆயினும் தேர்வின் சுமை எங்கள் மாவட்டத்தில் தனிவகை. விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2017, 2018-ஆம் ஆண்டுகளிலும் பெற்றது. வானம் பார்த்த பூமியில் படிப்பைத் தவிர வேறு பிடிமானம் இல்லையென்று உணர்ந்த மக்களின் உழைப்பு அது. நாங்களும் அதில் பெருமை கொள்கிறோம். நூற்றுக்கு நூறை எட்ட முயலும் பள்ளியில், அந்த நூறைக் குறைக்கப்போகும் பிள்ளை தான்தான் என்று அஞ்சி அமர்ந்திருக்கும் ஒருவரையும் நாம் பார்க்க வேண்டும். பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. டியூஷன் வாசல்களில் பிளெக்ஸ் பலகைகள் அதைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. தோல்வியுற்றால் அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு எழுதி மேற்படிப்பில் சேரலாம் என்பதைப் பிள்ளைக்குத் தேர்வுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பிறகு சொன்னால் அது ஆறுதல் மட்டுமே.

எப்போது உடல்நோயை ஐயுற வேண்டும்?

எல்லாவற்றையும் மனத்தின் மேல் போடுவதும் தவறு. உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், தொடர் காய்ச்சல், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்த வலி, மஞ்சள் காமாலை, ஓடும்போது மயங்கி விழுதல், காலையில் வாந்தியுடன் வரும் தலைவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இரத்தசோகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு அது உண்டு. முதல் பேருந்தைப் பிடிக்கக் காலையுணவின்றிப் புறப்படும் பிள்ளை வெயிலில் நின்று மயங்கினால், மனத்தை ஆராயும் முன் தட்டை ஆராய வேண்டும். தலைவலிக்குக் கண் பரிசோதனையும் தேவை.

இன்னொன்று. மனம் உடைந்திருக்கும் பிள்ளைக்குத் திடீரென வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால், ஏதேனும் உட்கொண்டாயா என்று நேரடியாகக் கேட்டு, விடைக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். பூச்சிமருந்தை எப்போதும் பூட்டி வையுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காததால்தான் பல பிள்ளைகள் தனித்துவிடப்படுகிறார்கள்.

பரிசோதனைகள் ஒரு முறை முறையாக முடிந்தபின் மீண்டும் மீண்டும் செய்வதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. ஒவ்வொரு புதிய ஸ்கேனும், கண்டுபிடிக்கப்படாத பெரிய நோய் ஒன்று தனக்கு இருக்கிறது என்ற அச்சத்தையே பிள்ளைக்குத் தருகிறது. வலி இருக்கும்போதே பள்ளிக்குச் செல்வது நல்லது. அரைநாள் ஆயினும் செல்லட்டும். வலித்தால் வீட்டில் இருக்கலாம் என்பது வழக்கமாகிவிட்டால், விடுபட்ட பாடங்கள் சேர்ந்து கவலை கூடும், கவலை சேர்ந்து வலி கூடும். வலி எப்படி இருக்கிறது என்று மணிக்கொரு முறை கேட்பதைவிட, இன்று யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதில் வரச் சில நாட்கள் ஆகலாம். இரவு பதினொன்றுக்கு மேல் புத்தகமும் செல்பேசியும் வேண்டாம்.

மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம் என்றால் பெற்றோர் முகம் வாடுவதை அறிவோம். எங்கள் பகுதியினர்க்கு அச்சொல் சங்கிலியை நினைவூட்டுகிறது. அண்டை மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் நேர்ந்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் பிள்ளைக்கு அங்கே நடக்கப்போவது ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்து பேசுவதுதான். மருந்து தேவைப்படுவோர்க்கு மட்டுமே மருந்து. 2015-16 தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு ஏழு பேர்க்கு ஏதேனும் ஒரு மனநலத் தொல்லை இருந்தது. ஐம்பது பேர் அமரும் வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று அதைக் கணக்கிடலாம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் காணலாம். நேரில் வரத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். குழந்தைக்கு யாரேனும் தீங்கிழைக்கிறார்கள் என்று ஐயமிருந்தால் 1098.

எங்களிடம் வரும்போது வலி வந்த நாட்களையும் நேரத்தையும், அன்று பள்ளி இருந்ததா, என்ன உண்டார், எவ்வளவு உறங்கினார் என்பதையும் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்; பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது. இதற்கு முன் எடுத்த ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் மறவாமல் கொண்டுவாருங்கள். அவற்றைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் மறுபடியும் எடுக்க வேண்டியிராது.